எக்செல் புள்ளி கிண்டிக் காட்டுக்குள் விழுந்தால் டெலிவரி ஹப்பை எங்கே போடுவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் அம்பத்தூரில் கிடங்கு வைத்திருக்கிறார். தென்சென்னைக்கு மட்டும் நாளைக்கு 600 பார்சல் போகிறது, சைதாப்பேட்டையில் தொடங்கி சோழிங்கநல்லூர் வரை. பைக்குகள் எல்லாம் அம்பத்தூரிலிருந்தே கிளம்புவதால் கட்டுப்படியாகவில்லை. ஆறு மாத முகவரிகளை எக்செல்லில் போட்டு அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் சராசரி எடுத்தால் புள்ளி கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போய் விழுகிறது. அதற்குப் பக்கத்தில் கிண்டியிலேயே ஒரு இடம் எடுத்து ஹப், அதாவது பார்சலை இறக்கிப் பிரித்துப் பைக்குகளில் ஏற்றிவிடுகிற சின்ன இடம், போட்டுவிடலாமா, ஒரு ஹப் போதுமா இரண்டு வேண்டுமா என்று கேட்கிறார்.

புள்ளி விழுந்த இடத்தில் புள்ளிமான்தான் இருக்கிறது, பார்சல் வாங்க ஆள் இல்லை. சிரிப்புக்காகச் சொல்லவில்லை, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

சராசரிப் புள்ளி என்ன செய்கிறது என்று பாருங்கள். அது மொத்தத் தூரத்தைக் குறைப்பதில்லை, தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டி அந்தத் தொகையைக் குறைக்கிறது. அதனால் சோழிங்கநல்லூர்க் கோடியில் இருக்கிற பத்து வாடிக்கையாளர்கள் சைதாப்பேட்டையில் இருக்கிற பத்துப் பேரைவிடப் பலமாகப் புள்ளியைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். இது சின்னத் தப்பு. பெரிய தப்பு, எக்செல் காக்கை பறக்கும் தூரத்தை அளக்கிறது என்பது. உங்கள் பையன் காக்கை இல்லை, ஸ்ப்ளெண்டரில் போகிறவன்.

கிண்டியிலிருந்து அடையாறு வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பதுபோலத் தெரியும். நடுவில் என்ன இருக்கிறது? 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, அதை ஒட்டி ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம். இந்த மொத்தப் பச்சைக்கும் வடக்கே சர்தார் படேல் சாலை, தெற்கே வேளச்சேரியைச் சுற்றித் தரமணி வழி. இரண்டைத் தவிர மூன்றாவது கிடையாது. காலை ஒன்பதரைக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் அடையாற்றைக் கடக்கப் பாலங்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம். வேளச்சேரிக்கும் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஓ.எம்.ஆருக்கும் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய். துரைப்பாக்கத்தில் நிற்கிற பையனுக்கு நீலாங்கரை கல்லெறி தூரம்தான், ஆனால் கால்வாயைத் தாண்ட நல்ல அகலமான பாதை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். மேற்கே பார்த்தால் விமான நிலையம். பம்மலும் பல்லாவரமும் பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனால் பொழிச்சலூர்ப் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வர ஓடுபாதையைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று ரயில் பாதை. தி.நகரும் மேற்கு மாம்பலமும் ஒரே ஸ்டேஷனின் இரண்டு வாசல்கள், நடந்து போனால் மேம்பாலம் ஏறி ஐந்து நிமிடம். பைக்குக்குத் துரைசாமி சுரங்கப்பாதை, இல்லாவிட்டால் அரங்கநாதன் சுரங்கப்பாதை. பெரிய மழை பெய்து அவற்றில் தண்ணீர் நின்றால் அன்றைக்கு அவை இரண்டும் வேறு வேறு ஊர்கள். ஆகவே முதல் வேலை எக்செல் இல்லை. ஒரு பெரிய வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து ஆறு, கால்வாய், தண்டவாளம், காடு, ராணுவ இடம் எல்லாவற்றையும் சிவப்பு மார்க்கரால் கோடு போடுங்கள். கோடுகளுக்கு நடுவே தீவுகள் தெரியும். ஹப் என்பது தீவுக்கு ஒன்று. தீவுக்கு ஒன்று வைக்கப் பணம் இல்லையென்றால் எந்தத் தீவை எந்தப் பாலம் வழியாக எட்டுவது என்பதுதான் மிச்சக் கேள்வி.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு பையனின் நாளை மூன்றாகப் பிரிக்கலாம்: ஹப்பிலிருந்து முதல் வீட்டுக்குப் போய், கடைசி வீட்டிலிருந்து திரும்பி வரும் நேரம், வீட்டுக்கு வீடு ஓடும் நேரம், வாசலில் நிற்கும் நேரம். நடுவில் இருப்பதைக் கணிக்க ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. 1959இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்ற மூன்று கணித அறிஞர்கள் நிறுவியது. ஒரு பரப்பில் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், எல்லாவற்றையும் தொட்டு வரும் மிகக் குறைந்த பாதையின் நீளம் ஏறக்குறைய 0.7124 பெருக்கல், பரப்பையும் புள்ளி எண்ணிக்கையையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். உங்கள் பகுதியை 60 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு 600 பார்சலைப் போட்டால் வீட்டுக்கு வீடு சுமார் 225 மீட்டர் வருகிறது. தெரு வளைவுக்காக மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 300 மீட்டர். பைக்கில் ஒன்றரை நிமிடம், சிக்னல், சந்து தேடுவது எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் என்றே வைப்போம். வாசலில் போன் போட்டு, மாடி ஏறி, ஓ.டி.பி. வாங்கி இறங்க நான்கு நிமிடம். ஆக ஒரு பார்சலுக்கு 6 நிமிடம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் வியாபாரம் இரட்டிப்பாகி 1,200 பார்சல் ஆனாலும் 225 மீட்டர் 159 மீட்டராகத்தான் குறையும். அரை நிமிடம்கூடத் தேறாது. ‘ஆர்டர் பெருகினால் டெலிவரிச் செலவு தானாக இறங்கிவிடும்’ என்று முதலீட்டாளர்களுக்குப் படம் காட்டுகிறவர்கள் இந்த வர்க்கமூலத்தை ஸ்லைடில் போடுவதில்லை.

எட்டு மணி நேர ஷிப்டில் காலையில் பிரித்து அடுக்க 45 நிமிடம், மாலையில் பணம் கட்டி ரிட்டர்ன் ஒப்படைக்க 30 நிமிடம். மீதி 405 நிமிடம். முதுகுப் பை ஒன்றில் உங்கள் சைஸுக்கு 35 பார்சல் என்று வையுங்கள். ஹப் 15 நிமிடத் தூரத்தில் இருந்தால் பையன் இரண்டு டிரிப் அடிப்பான், போக வர நான்கு முறை, 60 நிமிடம் கழிந்து 345, ஆறால் வகுத்தால் 57 பார்சல். அதே ஹப் 40 நிமிடத் தூரம் என்றால் 160 நிமிடம் சாலையிலேயே போய்விடும், 40 பார்சல்தான். ஒரே டிரிப் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் 62க்கு 54 என்று சின்னதாகத் தெரியும். பைதான் அந்த வித்தியாசத்தை இரட்டிப்பாக்குகிறது. பையின் கொள்ளளவைக் கேட்காமல் ஹப் இடம் சொல்கிற ஆலோசகர் யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் நிலைமை: அம்பத்தூரிலிருந்து திருவான்மியூர் 20 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரம். இரண்டாவது டிரிப் என்ற பேச்சே இல்லை, பை அளவான 35தான், 600க்கு 17, 18 பேர் வேண்டும். கிண்டியில் ஒரே ஹப் போட்டால் பாதிப் பார்சல் 15 நிமிடத்தில், மறு பாதி, அதாவது ஓ.எம்.ஆர், ஈ.சி.ஆர் பக்கம், 40 நிமிடத்தில். 6 பேரும் 8 பேரும், ஆக 14. இரண்டு ஹப் என்றால் 6 பேரும் 6 பேரும், ஆக 12. ஆளுக்கு எல்லாம் சேர்த்து நாளைக்கு 800 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்தால் இரண்டாவது ஹப் மிச்சப்படுத்துவது மாதம் 41,600 ரூபாய். அந்தப் பணத்தில் வாடகை, கரண்ட், ஒரு சூப்பர்வைசர் என்று பார்த்தால் இழுபறிதான். 900 பார்சல் வரும்போது 20க்கு 16 என்று நான்கு பேர் மிச்சம், 83,200 ரூபாய், அப்போது யோசிக்காமல் போடலாம். கிடங்கிலிருந்து வண்டி அனுப்பும் செலவு இரண்டு ஹப்புக்கு இரட்டிப்பாகும் என்று பயப்பட வேண்டாம். 600 பார்சலுக்கு எப்படியும் இரண்டு குட்டியானை லோடு வண்டி போகத்தான் வேண்டும், ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

எண்களை நான் வைத்துக்கொண்டது கணக்குக் காட்டுவதற்காக. உங்கள் பையன்களின் ஜி.பி.எஸ். பதிவை இரண்டு வாரத்துக்கு எடுத்து, ஹப்பை விட்ட நேரம், முதல் டெலிவரி நேரம், வாசலில் நின்ற நேரம் என்று பிரித்து உண்மை எண்களைப் போடுங்கள். ஓ.எஸ்.ஆர்.எம். போன்ற இலவச மென்பொருளில் பயண நேர அட்டவணை எடுக்கலாம், நல்ல கருவிதான், ஆனால் சும்மா ஓட்டினால் அதற்கு டிராபிக் தெரியாது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருப்பதும் தெரியாது.

பார்சலை எண்ணாதீர்கள், நிறுத்தத்தை எண்ணுங்கள். பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரே கேட்டட் கம்யூனிட்டிக்கு ஒரு நாளில் 20 பார்சல் போகும். கேட்டில் பதிவு, செக்யூரிட்டி ஆப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுமதி, சர்வீஸ் லிப்டுக்காக நிற்பது, ஆனால் பைக் ஒரே இடத்தில் நிற்கிறது. அது 20 நிறுத்தம் இல்லை, ஒரு நிறுத்தமும் நிறைய லிப்டும். அதற்குப் பைக்கே தேவையில்லை, ஒரு மின்சார ஆட்டோவில் 100 பார்சல் ஏற்றி ஹப் தொடாமலே கிடங்கிலிருந்து நேராக அனுப்பலாம், ஏனென்றால் பை நிரம்புவது என்ற சிக்கல் அங்கே இல்லை. சைதாப்பேட்டைச் சந்துகளில் இதற்கு நேர் எதிர். 20 பார்சல் என்றால் 18 கதவு, கதவு எண் பழையது புதியது என்று இரண்டு, பைக்கை முனையில் விட்டுவிட்டு நடை. ஹப் அருகில் இருக்க வேண்டியது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். அடுக்குமாடிகளை எடுத்துவிட்டு மீதிப் புள்ளிகளை மட்டும் மறுபடி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், கூட்டம் எங்கே இருக்கிறது என்பது மாறிவிடும்.

பின்கோடு வைத்துப் பகுதி பிரிக்கிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15இல் வந்த ஏற்பாடு அது. கடைசி மூன்று இலக்கம் எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்கிறது என்பதைக் குறிக்கும். தபால்காரரின் பீட்டுக்காகப் போட்ட கோடு, உங்கள் பைக்குக்காகப் போட்டதில்லை. 600042 என்று ஒரே எண்ணாக வேளச்சேரியை வைத்திருப்பீர்கள், அதில் குருநானக் கல்லூரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிண்டி அருகில், தரமணி இணைப்புச் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓ.எம்.ஆர் அருகில். ஊபர் வெளியிட்ட எச்3 என்ற அறுகோணக் கட்டம் இலவசம். அதில் 8ஆம் நிலை என்றால் ஒரு கட்டம் முக்கால் சதுர கிலோமீட்டர் வரும். வேளச்சேரியைக் கட்டம் கட்டமாக இரண்டு ஹப்புக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கலாம்.

கோட்பாட்டுப் பக்கம் அதிகம் தேவையில்லை. எத்தனை ஹப் என்று முடிவு செய்துகொண்டு மொத்தப் பயணத்தைக் குறைக்கிற இடங்களைத் தேடுவது ஒரு வழி, 1964, 1965இல் ஹகிமி எழுதியது. இத்தனை நிமிடத்துக்குள் அதிகபட்ச ஆட்களை எட்டுகிற இடங்களைத் தேடுவது இன்னொரு வழி, 1974இல் சர்ச்சும் ரெவெல்லும் எழுதியது. பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டாவது, உங்களுக்கு முதலாவது. இரண்டுக்கும் வேண்டியது ‘இங்கே வைக்கலாம்’ என்ற இடங்களின் பட்டியல். அந்தப் பட்டியலை நீங்கள் தெருவில் இறங்கித்தான் எடுக்க வேண்டும். காலியாக இருக்கிற 15 ஷட்டர்களின், அதாவது ஷட்டர் போட்ட கடை இடங்களின், பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதில் சிறந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை.

ஷட்டர் பார்க்கும்போது நான் பட்ட அடியைச் சொல்கிறேன். வாடகை குறைவு என்று ஒரு இடம் எடுத்தோம், பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை. 1,400 சதுர அடி, முன்னால் பத்துப் பைக் நிறுத்தலாம், எதிரே டீக்கடை, எல்லாம் அம்சமாக இருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் தெரிந்தது, நாலு வீடு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வாசல். எட்டிலிருந்து எட்டே முக்கால் வரை தெரு முழுக்க வேன், ஆட்டோ, அம்மாக்களின் ஸ்கூட்டி. எங்கள் பையன்கள் கிளம்புகிற நேரமும் அதே முக்கால் மணி. பத்துப் பேர் பையை மாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டு நின்றார்கள், தினமும். சரி, சீக்கிரம் லோடு இறக்கிவிடலாம் என்று வண்டியை ஐந்தரைக்கு வரச் சொன்னோம். மாடி வீட்டுப் பெரியவர் ஷட்டர் தூக்குகிற சத்தத்துக்கு வீட்டு ஓனரிடம் போய்விட்டார். பதினொரு மாதத்தில் காலி செய்தோம், பத்து மாத அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாதம் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் வாரநாளில் காலை ஏழிலிருந்து பத்து வரை டீக்கடையில் உட்கார்ந்து பார்க்காமல் நான் எந்த இடத்துக்கும் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

சாலையின் எந்தக் கை என்பதையும் பாருங்கள். ஓ.எம்.ஆரில் பெரும்பாலான இடங்களில் வலது பக்கம் திரும்ப முடியாது, யூ டர்ன்தான். லோடு வண்டி ஒரு நாளைக்கு ஒரு முறை வரும், அது சுற்றிக்கொண்டு வரட்டும். ஆறு பையன்களின் பைக்குகள் நாளைக்கு 12 முறை வெளியே போகும், பெரும்பாலும் போகிற திசையில் அவர்களுக்கு இடது கைப் பக்கம் ஷட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பு வழியில் ஏறுவான், நீங்கள் எத்தனை முறை மீட்டிங் போட்டுச் சொன்னாலும் ஏறுவான். கழிவறை இருக்கிறதா என்று பாருங்கள். கழிவறை இல்லாத ஹப்பில் பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள், அப்புறம் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர், தீபாவளி விற்பனையும் அதே சமயம். வருடத்திலேயே பார்சல் அதிகமாக இருக்கிற வாரங்களும் தண்ணீர் நிற்கிற வாரங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 2015 டிசம்பரில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, வேளச்சேரி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெருங்குடியும் மறுபடி மூழ்கின. அந்தப் பக்கம் இடம் எடுக்கவே கூடாது என்றில்லை, வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார். தெரு மட்டத்திலிருந்து ஷட்டர் எத்தனை படி மேலே என்று பாருங்கள், பக்கத்து வீட்டு மதிலில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அப்படியே ‘மிக்ஜாமில் இங்கே எவ்வளவு நின்றது’ என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். இரண்டு அடி உயரத்தில் முதல் ரேக் இருந்தால் சாதாரண மழைக்குத் தாங்கும்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: கிண்டியில் ஷட்டர் எடுக்க வேண்டாம். அம்பத்தூரிலிருந்து வருகிற வண்டி நூறடிச் சாலை வழியாகக் கத்திப்பாராவை எப்படியும் தொடப்போகிறது, கிண்டி அதன் பாதையிலேயே இருக்கிறது. அந்தப் பாதிக்கு, அதாவது சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், ஆதம்பாக்கம் பக்கத்துக்கு, குட்டியானையையே ஹப்பாக நிறுத்தலாம். காலை நெரிசல் நேரத்துக் கட்டுப்பாடு தொடங்குவதற்கு முன், ஏழரைக்குள் வந்து நின்றுவிட வேண்டும். பையன்கள் அங்கே வந்து முதல் பையை எடுப்பார்கள், பகலில் இரண்டாவது பையை எடுப்பார்கள், வண்டி இரண்டு மணிக்குத் திரும்பும். மாலையில் மிஞ்சுகிற ரிட்டர்னைப் பூட்டி வைக்க 200 சதுர அடியில் ஒரு அறை, அவ்வளவுதான். உண்மையான ஷட்டரைப் பெருங்குடி, கந்தன்சாவடிப் பக்கம் மேடான தெருவாகப் பார்த்து எடுங்கள். அங்கிருந்து தரமணி, திருவான்மியூர், அடையாறின் தென்பகுதி, வேளச்சேரியின் கிழக்குப் பாதி எல்லாம் சிவப்புக் கோட்டை அதிகம் தாண்டாமல் எட்டும். தெற்கே ஈ.சி.ஆர்க் கோடி மட்டும் இழுக்கும், அதற்கு ஒரு தனி ரூட் போட்டு, காலையில் முதலில் அந்தப் பையனை அனுப்பிவிடுங்கள்.

அந்த ஷட்டருக்கும் உடனே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். முதலில் அங்கேயும் இரண்டு வாரம் ஒரு வண்டியை நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். நிறுத்த இடமா? ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்துப் பார்க்கிங் சும்மா கிடக்கும், மேனேஜரிடம் பேசினால் கொடுப்பார்கள், கழிவறையும் சேர்த்து. ஆவணியில் முகூர்த்தம் தொடங்கிவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.